மூன்றாம் தளம் எந்த மாடி?

அவளுக்குக் கனிவு என்று பெயர் வந்தது குணத்தால் அல்ல. குணத்தைப் பார்த்து வைப்பதாக இருந்தால் மிளகாய் என்றுதான் வைத்திருப்பார்கள். பேருந்து நிலையத்தில் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று மைக்கில் ஆரம்பிப்பது அவள் வேலை. நடுவில் இருந்த சொல்லை டிரைவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அது ஒட்டிக்கொண்டது. வீட்டுக்காரர்கூடக் கோபம் வந்தால்தான் உண்மைப் பெயரைச் சொல்வார்.

குரல் என்றால் அப்படி ஒரு குரல். காய்கறி விலை கேட்டால்கூட அடுத்த கடைக்காரர் திரும்பிப் பார்ப்பார். அந்தக் கர்வம் அவளுக்கு நிறையவே உண்டு, மறைப்பதும் கிடையாது. எழுதிக் கொடுத்ததை மட்டும் வாசித்துவிட்டுப் போகிறவளும் அல்ல. வண்டி தாமதமானால், "பத்து நிமிடத்தில் வந்துவிடுவதாக டிரைவர் சொல்கிறார், நம்புவது உங்கள் விருப்பம்" என்று சொந்தச் சரக்கைச் சேர்த்துவிடுவாள். பயணிகள் சிரிப்பார்கள், மேலதிகாரி முறைப்பார். கடைசியில் அறிவிப்புக்கு இயந்திரம் வந்தது. இயந்திரம் சொந்தச் சரக்கு சேர்ப்பதில்லை என்பதுதான் அதன் பெரிய தகுதி. கனிவு வீட்டுக்கு வந்தாள். வீட்டிலும் சும்மா இருக்க முடியாமல், குக்கர் விசில் அடித்தால் அதையும் அறிவித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் லிஃப்ட் கம்பெனியிலிருந்து போன் வந்தது. நகராட்சிக்குப் புதுக் கட்டடம் எழும்பியிருந்தது. அதன் லிஃப்ட்டில் ஒவ்வொரு மாடி வந்ததும் ஒரு குரல் சொல்ல வேண்டுமாம், பார்வை இல்லாதவர்களுக்காக. பேசத் தெரிந்தவர் வேண்டும் என்றார்கள். கனிவு நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். காரணம் குரல் மட்டும் அல்ல. அவளுக்கு ஒரு தம்பி இருந்தான்.

தம்பி வண்டி உதிரிபாகக் கடையில் நின்றவன். வாடிக்கையாளர் போனில் வண்டியின் சத்தத்தை வாயால் செய்து காட்டினால் போதும், எந்தப் பாகம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். முப்பதைத் தாண்டியதும் கண் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போனது. சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்து, போன பிறவிப் பாவம் என்று அங்கலாய்த்தார்கள். ஸ்கேனில் நரம்பு தெரிந்தது, பாவம் எதுவும் தெரியவில்லை, உங்களுக்குத் தெரிந்தால் டாக்டருக்கு எழுதிக் கொடுங்கள் என்று கனிவு அவர்களை வாசல்வரை கொண்டுபோய் விட்டாள். தம்பி உள்ளே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். பிறகு அவனாகவே வெள்ளைக்கோல் பிடித்து நடக்கப் பழகினான். பேசும் கம்ப்யூட்டரில் தட்டச்சு பழகினான். புதுக் கட்டடத்தில், மூன்றாவது மாடியில், புகார் பிரிவில் வேலை வாங்கினான். தண்ணீர் வரவில்லை, விளக்கு எரியவில்லை என்று ஊர் போன் செய்யும். கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். முதல் மூன்று மாதம் சோதனைக் காலம்.

கம்பெனி கொடுத்த தாளைக் கனிவு அப்படியே வாசித்துப் பதிவு செய்து கொடுத்தாள். அக்காவின் குரல் அழைத்துப்போகும் லிஃப்ட்டில் தம்பி தனியாக வேலைக்குப் போவான். இதைச் சொல்லிச் சொல்லியே கனிவு பக்கத்து வீட்டுக்காரர்களைக் களைக்க வைத்துவிட்டாள். கட்டடம் திறந்த வாரம் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு போய், லிஃப்ட்டில் ஏறி மேலே போனாள், இறங்காமல் கீழே வந்தாள், மறுபடியும் மேலே போனாள். "இரண்டாம் தளம்" என்று அவள் குரல் சொல்லும்போதெல்லாம் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தாள். வீட்டில் கேட்பது போதாதா, இங்கேயும் வந்து கேட்க வேண்டுமா என்றார் அவர். மற்றபடி அவருக்கும் பெருமைதான்.

அந்தப் பயணத்தில் அவள் கேட்டது முழுக்கத் தன் குரலை. சுவரில் என்ன எண் எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை.

தம்பி இரண்டு வாரம் போய் வந்தான். மூன்றாவது வாரம் பேச்சு குறைந்தது. கேட்டால் ஒன்றுமில்லை என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு, தலையைத் துவட்டுகிற மாதிரித் துண்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னான். நாளையிலிருந்து ஒரு துணையோடுதான் வர வேண்டுமாம். துணை இல்லாமல் வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்களாம். சோதனைக் காலம் முடியும்போது இதையும் கணக்கில் எடுத்துக்கொள்வார்களாம்.

என்ன நடந்தது என்று பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டாள். காலைக் கூட்டத்தில் ஏறினால் தம்பி லிஃப்ட்டின் பின்சுவரோடு ஒட்டிவிடுவான். பொத்தான்களில் தடவிப் பார்க்கப் புடைத்த எண்கள் உண்டு, ஆனால் கை எட்டாது. மூன்றாவது மாடி என்று சொல்வான், யாராவது அழுத்துவார்கள். லிஃப்ட் பெட்டி நின்று நின்று போகும். குரல் சொன்னதும் இறங்குவான். இறங்கி வலப்பக்கச் சுவரைத் தொட்டபடி போனால் கடைசிக் கதவு அவனுடைய பிரிவு. போவான், கதவைத் திறப்பான், பையை வைப்பான், நாற்காலியை இழுப்பான். சில நாள் அது பெண் ஊழியர்களின் ஓய்வறையாக இருக்கும்.

முதல் முறை அவர்களும் சிரித்தார்கள், இவனும் சிரித்தான். என் ஹெட்போனை யார் எடுத்தது என்று அதிகாரமாகக் கேட்டுவிட்டானாம். இரண்டாவது முறை யாரும் சிரிக்கவில்லை. உள்ளே ஒரு பெண் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கத்தினாள். கத்தியதில் தப்பே இல்லை என்றான் தம்பி. பிரிவுத் தலைவர் கூப்பிட்டார். கண் தெரியாதவரைத் தனியாக விட்டது எங்கள் தப்பு என்றார்.

"ஏன்டா எங்கிட்ட முதல்லயே சொல்லல?"

"என்னன்னு சொல்றது? உன் குரல் சரியாத்தான் சொல்லுது. நான்தான் எங்கேயோ தப்பா எண்ணுறேன்."

இந்த ஒரு வாக்கியம் கனிவைத் தூங்கவிடவில்லை. தப்பு தன்னுடையதுதான் என்று எவ்வளவு சீக்கிரம் நம்பிவிடுகிறார்கள். படி உயரமாக இருந்தால் முழங்காலைத் திட்டிக்கொள்கிறோம். கதவு கனமாக இருந்தால் கையைத் திட்டிக்கொள்கிறோம். எழுத்து பொடியாக இருந்தால் வயதாகிவிட்டது என்று பெருமூச்சு விடுகிறோம். செய்தவனை நோக்கி ஒரு விரல்கூட நீளுவதில்லை.

மறுநாள் காலை துணையாக அவளே போனாள். தம்பி வழியெல்லாம் இரண்டடி முன்னாலேயே நடந்தான். முப்பத்தைந்து வயது ஆண்பிள்ளையை அக்கா கொண்டுவந்து விடுகிறாள் என்பதை வாசலில் காவலாளி பார்ப்பார், கேன்டீன்காரர் பார்ப்பார். அவர்கள் பார்ப்பது அவனுக்குத் தெரியாது என்று அவர்கள் நினைப்பார்கள். அதுதான் இன்னும் மோசம்.

லிஃப்ட்டுக்குள் கூட்டம் நெருக்கியது. அக்காவும் தம்பியும் பின்சுவரில் ஒட்டினார்கள். மூன்றாவது மாடி என்று தம்பி சொன்னான், யாரோ அழுத்தினார்கள். பெட்டி ஏறி நின்றது. கதவு திறந்தது. கனிவின் குரல் மேலேயிருந்து தெளிவாக, அழகாக, நிதானமாகச் சொன்னது: "மூன்றாம் தளம்."

தம்பி கோலை முன்னால் நீட்டி இறங்கப் போனான். கனிவும் ஓர் அடி எடுத்து வைத்தாள். எதிர்ச்சுவரில் ஆள் உயரத்துக்கு ஓர் எண் எழுதியிருந்தது. 2.

அவள் தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கதவு மூடியது. பெட்டி மேலே போனது. அவள் குரல் மறுபடியும் சொன்னது: "நான்காம் தளம்." எதிர்ச்சுவரில் 3. அங்கேதான் புகார் பிரிவு.

அவளுக்கு விளங்குவதற்கு அதற்கு மேல் நேரம் ஆகவில்லை. அவளுக்கு எழுதிக் கொடுத்த தாளில் கீழேயிருந்து எண்ணியிருந்தார்கள். வாசல் இருக்கும் தரையே முதல் தளம், அதற்கு மேலே இரண்டாம் தளம். சுவருக்கு வண்ணம் அடித்தவர்களோ ஊர் எண்ணுகிறபடி எண்ணியிருந்தார்கள். தரைக்கு மேலே ஏறினால் முதல் மாடி. இரண்டு கணக்கும் தனித்தனியாகச் சரி. ஒரே கட்டடத்துக்குள் இரண்டும் இருப்பதுதான் அநியாயம். கண் இருப்பவர் சுவரைப் பார்க்கிறார், குரலை விட்டுவிடுகிறார். யாருக்காக அந்தக் குரலை வைத்தார்களோ அவனை மட்டும் அது வேறு மாடியில் கொண்டுபோய்த் தள்ளுகிறது. கூட்டம் இல்லாத நாளில் அவனே பொத்தானைத் தடவி அழுத்துவான், வேறெங்கும் நிற்காமல் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்வான், கதவு திறந்ததும் குரலுக்குக் காத்திராமல் இறங்கிவிடுவான். அதனால்தான் இத்தனை நாள் பிடிபடவில்லை.

அவள் சொன்னதும் தம்பி லிஃப்ட் வாசலில் நின்று முதலில் சிரித்தான். பிறகு கோலால் தரையில் ஓங்கி ஒரு தட்டு.

"அப்ப நான் தப்பா எண்ணல."

"நீ எங்கடா எண்ணின? நான்தான் எண்ணினேன். எழுதிக் குடுத்தவன் கணக்கை என் வாயால எண்ணினேன்."

நேரே பிரிவுத் தலைவரின் அறைக்குப் போனார்கள். அவர் கெட்டவர் அல்ல. நல்ல தமிழில் ஆசையுள்ளவர். லிஃப்ட்டுக்கு வாசகம் எழுதியது நான்தான் என்று அவரே பெருமையாகச் சொன்னார். மாடி என்பது வீட்டுப் பேச்சு, அரசுக் கட்டடத்துக்குத் தளம்தான் அழகு. கீழே இருப்பதைத் தரை என்று சொன்னால் மட்டமாக இருக்கும், அதனால் முதல் தளம் என்று ஆரம்பித்தேன் என்றார். சுவரில் எப்படி எண் போட்டிருக்கிறார்கள் என்று கனிவு கேட்டாள். அது கட்டியவர்களின் வேலை என்றார். இத்தனை பேர் தினமும் போய்வருகிறார்கள், ஒருவர்கூடக் குறை சொல்லவில்லையே என்றும் கேட்டார். ஒப்புதல் வாங்கிய வாசகத்தை ஒரு ஆளுக்காக மாற்றுவது எப்படி? துணையோடு வருவதில் என்ன கஷ்டம்?

"தம்பியோட பாதுகாப்புக்குத்தான்மா சொல்றேன்."

"பாதுகாப்பு அவனுக்கா சார், உங்க வாசகத்துக்கா?"

அவர் முகம் சிவந்தது. பேச்சு முடிந்தது என்கிற மாதிரிக் காகிதங்களை அடுக்கினார். தம்பி தன் இருக்கைக்குப் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். கனிவு வெளியே வந்தாள். வீட்டுக்குத்தான் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் லிஃப்ட்டுக்குள் ஏறி, பொத்தான் பலகைக்குப் பக்கத்தில் இடம் பிடித்து நின்றுகொண்டாள்.

கீழே வந்ததும் கூட்டம் ஏறியது. கதவு மூடியதும் அவள் தொண்டையைக் கனைத்தாள். பேருந்து நிலையத்தில் அடங்கிப்போன குரல் முழு வீச்சில் வெளியே வந்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. இந்த லிஃப்ட்டில் பேசும் பெண் சொல்வதை நம்ப வேண்டாம்."

எல்லோரும் தலையைத் தூக்கினார்கள். பெட்டி நின்றது. மேலேயிருந்து குரல், "இரண்டாம் தளம்" என்றது. பக்கத்திலிருந்து அதே குரல், "இல்லை. முதல் மாடி" என்றது. கதவு மூடியது, பெட்டி ஏறியது. "மூன்றாம் தளம்." "பொய். இரண்டாவது மாடி. புகார் பிரிவுக்குப் போகிறவர்கள் இறங்கிவிடாதீர்கள்."

ஒரு பெரியவர் இரண்டு குரலும் எங்கேயிருந்து வருகின்றன என்று சுற்றும் முற்றும் தேடினார். ஒரு சின்னப் பெண் கைதட்டினாள். மேலே போவதும் கீழே வருவதுமாகக் கனிவு தன்னோடு தானே சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைக் கேட்டாள்: இந்தக் கட்டடத்தில் தப்பான மாடியில் இறங்கினவர் யாராவது உண்டா?

முதல் சுற்றில் யாரும் வாய் திறக்கவில்லை. தப்பாக இறங்கியதை யார் ஒத்துக்கொள்வார்கள்? பிறகு முகத்தை மறைக்கும் உயரத்துக்கு அட்டைப் பெட்டிகளை அடுக்கித் தூக்கிவந்த ஒருவர், பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து, எனக்குத் தினமும் இதே கதைதான் என்றார். முன்னால் எதுவும் தெரியாது, குரலைக் கேட்டுத்தான் இறங்குவேன், பாதி நாள் படியில் ஏறி மேலே போவேன், என் மண்டைதான் சரியில்லை என்று இருந்தேன். அதைக் கேட்டு, கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்த ஓர் அம்மா பேசினார். குழந்தை வண்டியைப் பின்பக்கமாக இழுத்து இறங்குகிற ஒரு தாய் பேசினாள். சுவருக்கு முதுகு காட்டித்தானே இறங்குகிறேன் என்றாள். போனில் கண்ணைப் புதைத்துக்கொண்டு நடக்கும் ஒரு வாலிபன் தலையைச் சொறிந்தான். அடுத்த சுற்றில் இன்னும் சிலர். இத்தனை பேரும் அவரவர் தப்பு என்று நினைத்து, வெட்கப்பட்டு, சத்தம் போடாமல் படியேறிப் போயிருக்கிறார்கள்.

கனிவுக்கு உடம்பெல்லாம் சூடேறியது. தம்பிக்காகத்தான் ஏறி நின்றாள். நின்றபிறகு பார்த்தால் தம்பி மட்டும் இல்லை, ஊரே அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

"வெட்கப்படாதீங்க. உங்க தலையெழுத்து இல்ல இது, சுவரெழுத்து. மூணாவது மாடியில புகார் பிரிவு இருக்கு. போய்ச் சொல்லுங்க. போக முடியாட்டி போன் பண்ணுங்க."

மேலே தம்பியின் போன் ஓயவில்லை. அன்று அவன் எடுத்த புகார்களில் ஒன்றை அவன் வாழ்நாளில் மறக்க மாட்டான். லிஃப்ட்டுக்குள் இரண்டு பெண்கள் சண்டை போடுகிறார்கள் என்றார் ஒருவர். இரண்டு பேர்தானா, நிச்சயமாகத் தெரியுமா என்று இவன் கேட்டான். ஒரு ஆள்தான் கண்ணுக்குத் தெரிகிறாள், ஆனால் குரல் இரண்டு, இரண்டும் அக்கா தங்கை மாதிரி ஒரே குரல் என்றார் அவர். தம்பி ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மேசையில் தலையைக் கவிழ்த்துக் குலுங்கினான். அழுகிறான் என்று நினைத்துப் பக்கத்து இருக்கைக்காரர் தண்ணீர் கொண்டுவந்தார்.

காவலாளி லிஃப்ட் கம்பெனிக்குச் சொல்லிவிட்டார். மதியத்துக்குள் பராமரிப்பு எஞ்சினியர் வந்து சேர்ந்தாள். இளம் பெண், தோளில் கருவிப் பை. யாரோ மனநிலை சரியில்லாதவர் லிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டு வந்தவள், ஒரு முறை மேலே போய்க் கீழே வந்ததும் சுவரில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. கதவு நிலையில் ஒவ்வொரு மாடியிலும் தடவிப் பார்க்கும் எண் தகடு பதிக்கச் சொல்லியிருந்தோம், வழவழப்பான கல்லின் அழகு போய்விடும் என்று விட்டுவிட்டார்கள் என்றாள். அது இருந்திருந்தால்கூடத் தம்பி இறங்கும்போதே பிடித்திருப்பாரே என்றாள்.

"குரலை மாத்த எவ்வளவு நாளாகும்மா?"

"நாளா? குரல் பதிஞ்சிருக்கிற கார்டை உருவிப் புதுசா பேசி மாட்டணும். ஒரு மணி நேரம் அக்கா. ஆனா அவங்க சரின்னு சொல்லணும்."

மறுபடியும் பிரிவுத் தலைவரின் அறை. இப்போது அவர் முன்னால் கம்ப்யூட்டரில் புகார்கள் வரிசையாக நின்றன. பார்வை உள்ளவர்கள், நல்ல கால் உள்ளவர்கள், வரி கட்டுகிறவர்கள். ஒரு ஆளுக்காக என்று காலையில் சொன்ன வார்த்தையை அவர் திரும்பச் சொல்லவில்லை. திரையை மேலும் கீழும் நகர்த்தினார். எழுதியதோடு சரி, நான் ஒரு நாள்கூட அதைக் காது கொடுத்துக் கேட்கவில்லை என்றார், யாரிடமோ சொல்வதுபோல. ஆனாலும் அடுத்த நிமிடமே, வாசகத்தை வேண்டுமானால் பார்க்கலாம், துணை விஷயம் அப்படியே இருக்கட்டும், இரண்டும் வேறு என்றார்.

கனிவு வாயைத் திறந்தாள். தம்பி கையை நீட்டி அவளை நிறுத்தினான்.

"சார், துணை இல்லாம தப்பான இடத்துக்குப் போனது நான் மட்டும் இல்ல. உங்க முன்னாடி இருக்கிற லிஸ்ட்ல எத்தனை பேரைத் துணையோட வரச் சொல்லப் போறீங்க?"

 எஞ்சினியர் பெண் கருவிப் பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள். பிரிவுத் தலைவர் கடைசியில் சொன்னார்: நாளை தனியாக வாருங்கள். சரியாக வந்து சேர்ந்தால் அந்த உத்தரவு இல்லை. சேராவிட்டால் நான் ஒன்றும் செய்ய முடியாது. அந்த ஓய்வறையில் இருக்கிற பெண்களுக்கும் நான் பதில் சொல்ல வேண்டும்.

அதில் நியாயம் இருந்ததால் தம்பி சரி என்றான்.

பழைய திரைச்சீலைகள் குவித்திருந்த ஒரு சரக்கு அறையில் பதிவு நடந்தது. சத்தம் வரும் என்று மின்விசிறியை நிறுத்தினார்கள். எல்லோரும் வியர்வையில் நனைந்தார்கள். பிரிவுத் தலைவரும் வந்து ஓரமாக நின்றார். இந்த முறை தாள் கிடையாது. தம்பி சொன்னான், கனிவு பேசினாள். மாடி என்றால் போதும், ஊர் அப்படித்தான் சொல்கிறது. எண்ணோடு நிறுத்தாமல் அங்கே என்ன இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். கதவு திறந்தபிறகு சொல்லிப் பயன் இல்லை, அதற்குள் பின்னால் இருப்பவர் தள்ளிவிடுவார். பெட்டி நிற்கும்போதே சொல்ல வேண்டும். நேரத்தை மாற்றிவிடுவதாக எஞ்சினியர் சொன்னாள். கீழே வந்தால் என்ன சொல்வது என்ற இடத்தில் எல்லோரும் பிரிவுத் தலைவரைப் பார்த்தார்கள். அவருக்கு இன்னும் மனசு வரவில்லை. "தரைத்தளம்னாவது சொல்லலாமே" என்றார். தளத்தை ஓர் இடத்தில் விட்டாலும் மறுபடியும் குழப்பம் என்றான் தம்பி. கனிவு ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். "தரை. வெளியே போகும் வழி" என்றாள். அந்தக் குரலில் தரை அப்படி ஒன்றும் மட்டமாகத் தெரியவில்லை. பிரிவுத் தலைவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை கனிவும் கிளம்பினாள். வரக்கூடாது என்றான் தம்பி. கட்டடத்துக்குள் வரமாட்டேன், வெளியே நிற்பேன், சாலை எல்லோருக்கும் பொது என்றாள். அவன் கோலைத் தட்டிக்கொண்டு வாசலுக்குள் போனான். காவலாளி நகர்ந்து வழிவிட்டார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தாள்: காலைக் கூட்டம் வழக்கம்போல் நெருக்கியது, தம்பி வழக்கம்போல் பின்னால் தள்ளப்பட்டான், கதவு மூடியது.

இதற்கு மேல் அவளுக்கு எதுவும் தெரியாது. அவள் குரல் மட்டும் அவனோடு போகிறது. முதல் மாடியில் அது சரியாகச் சொல்லியிருக்குமா? எஞ்சினியர் கார்டைச் சரியாக மாட்டியிருப்பாளா? இரண்டாவது மாடியில் கூட்டம் அவனையும் சேர்த்து வெளியே தள்ளியிருந்தால்? பேருந்து நிலையத்தில் எத்தனை ஆயிரம் பேரை வண்டி ஏற்றி அனுப்பியிருக்கிறாள், ஒருவர்கூடப் போய்ச் சேர்ந்தாரா என்று நினைத்தது கிடையாது. இப்போது கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. பொறுக்க முடியாமல் போனை எடுத்து, ஊரில் எல்லோருக்கும் தெரிந்த புகார் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. துண்டித்துவிட்டு மறுபடியும் அழுத்தினாள்.

"வணக்கம், புகார் பிரிவு. சொல்லுங்க."

தம்பி. மூச்சு வாங்கவில்லை, அவசரம் இல்லை, காலை வேலையைத் தொடங்கிவிட்ட ஆளின் குரல். ஹெட்போன் அவன் காதில் இருக்கிறது, நாற்காலி அவனுடைய நாற்காலி. கனிவு போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். 

"சொல்லுங்க, என்ன புகார்?"

"ஒண்ணும் இல்ல" என்றாள். "புகார் ஒண்ணும் இல்ல."

 அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னான்.

"அக்கா, லைனை விடு. தண்ணி வராதவங்க காத்துக்கிட்டிருக்காங்க."